வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டுமா? கருக்கலைப்புச் சட்டம்: கேள்வி பதில்

அரசு மருத்துவமனை மகப்பேறு பிரிவில் வேலை பார்க்கிறேன். வந்த கேள்விகளைப் பெயர் இல்லாமல் போட்டுப் பதில் சொல்கிறேன்.

மேடம், காப்பர்-டி போட்டும் நாள் தள்ளிவிட்டது. கலைக்கப் போனால் வீட்டுக்காரர் கையெழுத்து கேட்கிறார்கள். அவர் துபாயில் இருக்கிறார்.

முதலில் ஸ்கேன் எடுங்கள். காப்பர்-டி இருக்கும்போது கரு தங்கினால் அது கர்ப்பப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அது உயிருக்கே ஆபத்து.

கையெழுத்து விஷயம்: 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும். 1971 சட்டத்திலிருந்தே அப்படித்தான். பிறகு ஏன் கேட்கிறார்கள்? நாளைக்குக் கணவர் வந்து தகராறு செய்வாரோ என்ற பயம்தான். பெண்ணின் சம்மதத்துக்கான படிவம்தான் படிவம் சி. "படிவம் சி கொடுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்று படிவத்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். 'குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்தால்தான் கலைப்போம்' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அப்படி ஒரு நிபந்தனை சட்டத்தில் கிடையாது.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. 21 வாரம். முடியுமா?

முடியும். 20 வாரம் வரை ஒரு டாக்டர் ஒப்புதல் போதும். 20 முதல் 24 வரை குறிப்பிட்ட சிலருக்கு மட்டும், இரண்டு டாக்டர்கள் ஒப்புதலுடன். அந்தச் சிலரில் கல்யாணமாகாதவர்களும் உண்டு என்று 2022 செப்டம்பர் 29-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், இன்றே. உங்கள் விவரத்தை வெளியே விடுபவருக்கு ஓராண்டு வரை சிறை.

மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?

டாக்டர் சீட்டோடுதான். ஒன்பது வாரத்துக்குள் மிஃபெப்ரிஸ்டோன், ஓரிரு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால். வாரக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. சேர்ந்த நாளிலிருந்து எண்ணித் தப்புக் கணக்குப் போடுபவர்கள்தான் அதிகம். மணிக்கு இரண்டு பேட் முழுக்க நனைந்து, இரண்டு மணி நேரம் அப்படியே போனால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். சீட்டு இருந்தும் தமிழ்நாட்டில் பல கடைகளில் 'ஸ்டாக் இல்லை' என்பார்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரிகளின் கெடுபிடிக்குப் பயந்து வாங்கி வைப்பதே இல்லை. சட்டம் தந்ததைக் கடைக்காரர் பயம் பறிக்கிறது என்பது என் பல நாள் கோபம்.

மகளுக்கு 16 வயது. போலீஸ் என்றால் பயமாக இருக்கிறது.

பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்துப் போட வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி டாக்டர் போலீசுக்குத் தகவல் தந்தே ஆக வேண்டும். ஆனால் நீங்களும் மகளும் கேட்டுக்கொண்டால் பெயர், அடையாளம் எதையும் தரத் தேவையில்லை. இதுவும் அதே 2022 தீர்ப்புதான்.

ஆணா பெண்ணா என்று பார்த்துவிட்டு...

அது வேறு சட்டம், கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டம். கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம்.

அக்கா, யாழ்ப்பாணத்தில இருந்து கேக்கிறன். இங்க வல்லுறவால தங்கின கருவையும் கலைக்கேலாதோ?

முடியாது தங்கச்சி. உங்கள் நாட்டில் இன்னும் 1883-ம் ஆண்டு தண்டனைச் சட்டம்தான். 303-ம் பிரிவின்படி தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே அனுமதி. ஆனால் எங்காவது கலைத்து இரத்தப்போக்கோ காய்ச்சலோ வந்தால் ஒளிந்திருக்க வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள், அங்கே வைத்தியம் பார்ப்பார்கள்.