பித்தளையை யார் தேய்ப்பது?

கேள்வி: கோவையில் இரண்டாவது மாடி ஃப்ளாட்டில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மாமியார் உடன் இருக்கிறார். அவசரமில்லாத, இயற்கையோடு ஒட்டிய வீடு வேண்டும் என்ற ஆசையில் பிளாஸ்டிக் டப்பாக்களை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு, பித்தளைப் பாத்திரங்கள், கல்சட்டி, ஈயச்சொம்பு, மண்பானை என்று வாங்கிக் குவித்தேன். அடுத்து ஹாலில் உள்ள டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிக் கல் பதிக்க நினைக்கிறேன். “நல்லா இருக்கிறதை உடைச்சுப் போட்டுட்டு என்னம்மா இயற்கை?” என்கிறார் மாமியார். எனக்கும் வேலை கூடியதே தவிர நிம்மதி வரவில்லை. எங்கே தவறுகிறேன்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: உங்கள் மாமியார் ஒரே வரியில் சொல்லிவிட்டார். நான் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஆத்தங்குடிக் கல் அழகு என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சைப் பொருத்தி, வண்ணச் சிமென்ட் குழம்பை ஒவ்வொரு கட்டமாகக் கையாலேயே ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு மேலே சிமென்டும் மணலும் போட்டு அமுக்கி, காய்ந்ததும் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். கண்ணாடியை ஒட்டியிருந்த பக்கம்தான் நாம் மிதிக்கும் வழவழப்பான பக்கம். இந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. ஆனால் அதில் சேரும் சிமென்ட் சூளையில் வெந்து வந்ததுதானே? உங்கள் ஹால் டைல்ஸும் அப்படி வெந்து வந்ததுதான். உடையாத டைல்ஸை உடைத்துக் கொட்டினால் அதற்கு எரித்த எரிபொருளையும் சேர்த்துக் கொட்டுகிறோம்.

போதாக்குறைக்கு மாடி வீட்டில் பாரம் கூடும். இன்ஜினீயரைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது. பதித்த பிறகும் எலுமிச்சைச் சாறு சிந்தினால் தடம் விழும், ஆசிட் ஊற்றிக் கழுவ முடியாது, புதிதில் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் அந்தத் தரை மின்னுவது வருஷக்கணக்காக ஆள் நடந்து துடைத்த மினுமினுப்பு. இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். என்றைக்காவது சொந்த மனையில் வீடு கட்டும்போது காரைக்குடிப் பக்கம் போய் நேரில் பார்த்து வாங்கலாம்.

சரி, சமையலறைக்கு வருவோம். வேலை கூடியது என்கிறீர்களே, யாருக்கு? உங்கள் கடிதத்தில் கணவர் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறார், அதுவும் ஆபீஸுக்குப் போகிறார் என்பதற்காக. அந்தக் காலத்து அடுக்களையில் பித்தளை தகதகத்தது என்றால், புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்த கை ஒன்று பின்னால் இருந்தது. பெரும்பாலும் அது அந்த வீட்டு மருமகளின் கை. வீடியோவில் பாத்திரத்தைக் காட்டுவார்கள், கையைக் காட்டமாட்டார்கள். அவசரமில்லாத வாழ்க்கைக்கு வேண்டியது நேரம். அதை ஒருவரிடமிருந்தே பிடுங்கினால் மற்றவர்களுக்குத்தான் நிதானமாக இருக்கும்.

அதனால் வாங்கியதில் எது தங்கலாம் என்று பாருங்கள். கல்சட்டி கட்டாயம் தங்கட்டும். மெதுவாகச் சூடேறும், அடுப்பை அணைத்த பிறகும் வத்தக்குழம்பு தானாகக் கொதித்துக்கொண்டிருக்கும். சூடான வடிகஞ்சியை ஊற்றிச் சில நாள் பழக்கிவிட்டீர்கள் என்றால் பிறகு பெரிய பராமரிப்பு கேட்காது. கீழே போட்டுவிடாமல் இருந்தால் சரி. மண்பானையும் தொல்லை தராது. ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்தது, 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள். காலிச் சொம்பை வைத்துவிட்டு போனை எடுத்தீர்களோ, போச்சு. பித்தளையில் புளி சேர்ந்தது எதையும் சமைப்பதாக இருந்தால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும். பூச்சு தேய்ந்தால் மறுபடி பூச வேண்டும். பூசுகிற ஆள் உங்கள் பக்கத்தில் கிடைக்கிறாரா என்று விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பரணில் இருக்கும் பிளாஸ்டிக்கை இறக்குங்கள். சூடான பண்டமும் எண்ணெய்ப் பண்டமும் அதில் வேண்டாம். கோலப்பொடி, பொத்தான், விதை, ஆணி போட்டு உடையும் வரை பயன்படுத்துங்கள். சாப்பாட்டுச் சாமானுக்கு எவர்சில்வர் இருக்கவே இருக்கிறது. மாமியாரின் சம்படங்களைத் திருப்பிப் பாருங்கள். பெயரும் தேதியும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும், கல்யாணத்தில் யார் கொடுத்தது என்பது உட்பட. ‘பாரம்பரியம்’ என்று லேபிள் ஒட்டிக் கடையில் விற்பதைவிட இதுதான் உங்கள் வீட்டுச் சொத்து.

இன்னும் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று கை துறுதுறுத்தால், போட்டோவுக்கு அழகில்லாத இரண்டு வேலைகள் சொல்கிறேன். பழைய சீலிங் ஃபேன் 70, 75 வாட் இழுக்கும். மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த ஃபேன் ஏறக்குறைய 30 வாட்தான். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் மாதம் 18 யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஓடுகிற ஃபேனைக் கழற்ற வேண்டாம், பழுதாகும்போது மாற்றுங்கள். அடுத்தது காய்கறிக் கழிவு. ஓட்டை போட்ட மண்தொட்டியில் கழிவு ஒரு அடுக்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு அடுக்கு என்று போட்டு, அவ்வப்போது புளித்த மோர் தெளித்துக் கிளறிவிட்டால் உரமாகிவிடும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், நார்த்தூளைக் கூட்டுங்கள். இந்தத் தொட்டியைப் பற்றி மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள், அநேகமாக அவரே பொறுப்பெடுத்துக்கொள்வார்.

பித்தளை தேய்ப்பதை மட்டும் இந்த மாதம் முழுக்கக் கணவரிடம் விடுங்கள். மாதக் கடைசியில் இரண்டு பேரும் உட்கார்ந்து எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்து வையுங்கள். வேண்டாததைப் பாத்திரக் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள்.