வங்கி மாதாமாதம் ஏதோ ஒரு கட்டணம் பிடிக்கிறது, வேறு வங்கிக்கு மாறலாமா?

தாராளமாக மாறலாம், ஆனால் கோபத்தோடு வேண்டாம். ஒரு வருட ஸ்டேட்மென்ட்டை எடுத்து, எதற்கெல்லாம் பிடித்திருக்கிறார்கள் என்று கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் குறைந்தபட்ச இருப்பு அபராதம்தான் முன்னால் நிற்கும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பல வங்கிகள் மாதச் சராசரியைத்தான் பார்க்கின்றன. தினமும் நாள் முடிவில் உள்ள இருப்பைக் கூட்டி, நாட்களால் வகுப்பார்கள். 30 நாள் மாதத்தில் சராசரி 1,000 வேண்டுமென்றால், 30,000ஐ ஒரே ஒரு நாள் வைத்திருந்தாலும் கணக்கு சரியாகிவிடும். (இது புரிவதற்குள் நான் நாலைந்து தடவை தண்டம் அழுதிருக்கிறேன்.)

அப்புறம், புது வங்கியின் விளம்பரத்தை விடுங்கள், கட்டணப் பட்டியலைப் படியுங்கள். சம்பளமும் கடன் தவணையும் அங்கே மாறிய பிறகு பழைய கணக்கை முறைப்படி மூடிவிடுங்கள். சும்மா போட்டுவைத்தால் அதிலும் அபராதம் ஏறலாம்.