12 ஆர்டருக்கு 24 பர்ச்சேஸ் காட்டுவது ஏன்?

கொடைக்கானல் சாக்லேட் தளத்துல மெட்டா பிக்சலோட (வாங்கினதை பிரவுசர்ல இருந்து மெட்டாவுக்குச் சொல்ற கோட்) சேர்த்து கன்வெர்ஷன்ஸ் ஏபிஐயும் (அதையே உங்க சர்வர்ல இருந்து சொல்ற வழி) போட்டதிலிருந்து 12 ஆர்டர் 24ஆகத் தெரியுதுன்னு கேட்டிருக்கீங்க. ஒவ்வொரு ஆர்டருக்கும் பிரவுசர் ஒரு பர்ச்சேஸ் தகவல், சர்வர் ஒண்ணு அனுப்புது. ரெண்டும் ஒரே ஆர்டர்னு மெட்டாவுக்குத் தெரியலை.

ஈவென்ட் (அனுப்புற தகவல்) பெயரும் ஈவென்ட் ஐடியும் (அதோட அடையாளக் குறி) ரெண்டு பக்கமும் எழுத்து மாறாம ஒத்துப்போகணும். ஆர்டர் எண்ணையே அந்த ஐடியாக வைங்க. சர்வர் 'கேகே1047' அனுப்பி, பிரவுசர் வெறும் '1047' அனுப்பினா மறுபடி ரெண்டுதான். பிரவுசர் கோட்ல ஐடி நாலாவது ஆர்க்யுமென்ட் (அடைப்புக்குறிக்குள்ள வரிசையா குடுக்கிற மதிப்பு). தொகை இருக்கிற மூணாவதுக்குள்ள திணிச்சா மெட்டா கண்டுக்காது. பெரும்பாலும் சிக்கல் இங்கதான். பிரவுசர், சர்வர் தகவல் ஜோடி 48 மணி நேரத்துக்குள்ள வந்தாதான் ஒண்ணாகும்.

மாத்தினதும் மெட்டாவோட ஈவென்ட்ஸ் மேனேஜர்ல டெஸ்ட் ஈவென்ட்ஸ் பகுதியைத் திறந்து ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்க. தொல்லைன்னு சர்வர் பக்கத்தை நிறுத்திடாதீங்க. ஜிபேல பணம் கட்டிட்டு, பிரவுசர் தகவல் கிளம்புற நன்றிப் பக்கத்துக்குத் திரும்பாத ஆளை அதுதான் பிடிக்கும்.