21 கியர் இருந்தால் போதுமா?

கேள்வி: ஏற்காடு ஏற 21 கியர் எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) நல்லதா, முன்னால் ஒரே பல்சக்கரம் உள்ள 9 கியர் நல்லதா? (சேலம்)

பதில்: 21 என்பது விளம்பரக் கணக்கு. பல கியர்கள் ஏறக்குறைய ஒரே அளவில் ஒன்றின் மேல் ஒன்று விழும். உருப்படியாகத் தேறுவது பத்துப் பன்னிரண்டுதான். ஏற்றத்தில் கைகொடுப்பது கடைசிச் சின்ன கியர். வழக்கமான 21-இல் முன்னால் 24 பல், பின்னால் 28. முன்னதைப் பின்னதால் வகுத்தால் விகிதம் 0.86. ஒற்றைப் பல்சக்கரத்தில் முன்னால் 32, பின்னால் 42 இருந்தால் 0.76. இதுதான் லேசாக ஏறும். கடையில் பல்லை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஒரே வருடத்தில் பின் அச்சு இரண்டு முறை வளைந்துவிட்டது. என் எடை 85 கிலோ. அதுதான் காரணம் என்கிறார் மெக்கானிக்.

பதில்: எடை மேல் பழி போடாதீர்கள். உங்களுடையது அநேகமாக ஃப்ரீவீல், அதாவது பின் பற்களும் அவற்றைப் பின்பக்கம் சுற்றவிடும் பொறியும் ஒரே துண்டு. அதை ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடத்தில்) திருகி ஏற்ற இடம் வேண்டுமே, அதனால் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கும். அச்சின் முனை தாங்கலில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். குழியில் விழும் அடியெல்லாம் அங்கேதான் இறங்கும். கேசட் (வெறும் பல்சக்கர அடுக்கு) போடும் ஃப்ரீஹப்பில், அதாவது அந்தப் பொறி ஹப்பிலேயே இருக்கும் வகையில், பேரிங் ஓரத்துக்கே வந்துவிடும். இதைக் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. சைக்கிள் கம்பெனிக்காரர்கள் பின் டெரைலரை (செயினைப் பல் விட்டுப் பல் தள்ளும் கருவியை) மட்டும் ஒரு படி உயர்த்தி மாட்டிப் பெயரைப் பெரிதாக ஒட்டுவார்கள். ஹப்பைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். கேட்டால் எல்லாமே கேசட்தான் என்பார்கள். நீங்களே பாருங்கள்: சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு பின் பற்களைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். நடுவில் கழற்றும் கருவி பொருந்தும் வளையமும் கூடவே சுற்றினால் கேசட். பற்கள் மட்டும் சுற்றினால் ஃப்ரீவீல். மூன்றாவது அச்சு வாங்காமல் ஃப்ரீஹப் சக்கரம் போடுங்கள். இப்போது பின்னால் 7 கியர் என்றால், 7 கியர் கேசட்டை ஒரு ஸ்பேசரோடு (இடைவெளி நிரப்பும் வளையத்தோடு) மாட்டினால் பழைய ஷிஃப்டரே (கைப்பிடியில் கியர் மாற்றும் விசையே) போதும்.

கேள்வி: 13,000 ரூபாய்க்கு முன்னும் பின்னும் சஸ்பென்ஷன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: டியோர் (ஷிமானோ கம்பெனி மாடல்) டெரைலர் வாங்கிவிட்டேன், கியர் சரியாக விழவில்லை. ஏன்?

பதில்: எத்தனை கியர் டியோர், எந்த ஷிஃப்டர் என்று எழுதவே இல்லை. நான் என்ன ஜோசியமா பார்ப்பது? 10 கியர் டியோரும் 7 கியர் ஷிஃப்டரும் என்றால் ஒத்துப்போகாது. கேபிள் இழுக்கும் அளவே வேறு. அப்புறம், வாங்குவதற்கு முன்னால் கேளுங்கள்.

கேள்வி: புதுச் செயின் மாட்டியதும் மிதிக்கும்போது வழுக்குகிறது.

பதில்: பழைய செயினைத் தேயவிட்டு ஓட்டியிருக்கிறீர்கள், பின் பற்களும் கூடவே தேய்ந்துவிட்டன. இனி அதையும் மாற்றத்தான் வேண்டும். புதுச் செயினில் 12 முழுக் கண்ணி (உள்ளும் வெளியுமாக ஒரு ஜோடி ஒரு கண்ணி) சரியாக 12 அங்குலம். அதில் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூடியதுமே செயினை மாற்றிவிட்டால் பல் தப்பிக்கும்.