காதில் கோளாறு இல்லை, ஆனால் காது வலிக்கிறது: தாடை மூட்டு வலிக்கு என்ன செய்வது?

கேள்வி: என் வயது 34. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மூன்று மாதங்களாக வலது காதுக்குள் வலி. காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துவிட்டு, காது நன்றாக இருக்கிறது என்றார். வாயைத் திறக்கும்போது காதோரம் 'டக்' என்று சத்தம் கேட்கிறது. காலையில் எழுந்தால் தாடை இறுகிப்போயிருக்கிறது, நெற்றிப்பொட்டும் வலிக்கிறது. மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் வேலை இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தேன். இப்போது சாப்பிடவே பயமாக இருக்கிறது. ஒரு பல் மருத்துவர் ஞானப்பல்லை எடுத்தால் சரியாகும் என்கிறார். இன்னொருவர், பற்களின் கடிப்பு, அதாவது மேல் பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் விதம், சரியில்லை, தேய்த்துச் சரிசெய்ய வேண்டும் என்கிறார். எனக்கு என்ன பிரச்சினை? அறுவை சிகிச்சை தேவைப்படுமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இது தாடை மூட்டையும் அதை இயக்கும் தசைகளையும் சார்ந்த வலியாகத் தெரிகிறது. நேரில் பரிசோதித்துத்தான் உறுதி செய்ய வேண்டும். ஆனால் இந்த வகை வலி அறுவை சிகிச்சை வரை போவது அரிது. ஒன்றை மட்டும் இப்போதே அழுத்திச் சொல்கிறேன். ஞானப்பல்லை எடுப்பதையும் பற்களைத் தேய்ப்பதையும் தள்ளிவையுங்கள். ஞானப்பல்லில் சொத்தையோ, ஈறு வீக்கமோ, சீழோ இருந்தால் அது வேறு விஷயம், அதற்காக எடுக்கலாம். காதோர வலி தீரும் என்ற நம்பிக்கையில் மட்டும் எடுக்கக் கூடாது. எடுத்த பல் திரும்ப முளைக்காது, தேய்த்த பல் திரும்ப வளராது. இந்த வலியோ பெரும்பாலும் எளிய கவனிப்பிலேயே தணியக்கூடியது.

காது ஏன் வலிக்கிறது என்பதை உங்கள் விரலே சொல்லும். காது துவாரத்துக்குச் சற்று முன்னால் ஆள்காட்டி விரலை வைத்து, வாயை மெல்லத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ஒன்று உருண்டு நகர்கிறதே, அதுதான் தாடை மூட்டு. கீழ்த்தாடை எலும்பின் உருண்டையான முனை, பொட்டெலும்பில் உள்ள ஒரு குழியில் பொருந்தியிருக்கிறது. அதற்கும் காது துவாரத்துக்கும் இடையில் இருப்பது மிக மெல்லிய சுவர். இரண்டுக்கும் உணர்வு நரம்பின் கிளையும் பொதுவானது. அதனால் மூட்டில் பிறக்கும் வலி காதில் வலிப்பது போலத் தெரிகிறது. இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் 1934-லேயே காது வலி, காதடைப்பு, தலைசுற்றல் ஆகியவற்றைத் தாடை மூட்டோடு இணைத்து எழுதினார். கடைவாய்ப் பற்கள் இல்லாததாலும் கடிப்பு சரியில்லாததாலும் இது வருகிறது என்று அவர் சொன்ன காரணம் பின்னால் நிற்கவில்லை. ஆனால் கடிப்பைத் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் மட்டும் இன்னும் பல இடங்களில் உயிரோடு இருக்கிறது. உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டாவது ஆலோசனையின் வேர் அங்கேதான்.

அடுத்து அந்த 'டக்' சத்தம். முழங்கை கதவுக் கீல் போல மடங்கி நிமிர்கிறது. தாடை மூட்டு அப்படி மட்டும் இயங்குவதில்லை. முதலில் கீல் போலச் சுழல்கிறது, பிறகு வாய் பெரிதாகத் திறக்கும்போது முன்னோக்கி வழுக்கிச் செல்கிறது. அந்த வழுக்கலுக்காக எலும்பு முனையின் மேல் தொப்பி வைத்தது போல ஒரு மெல்லிய தட்டு இருக்கிறது. சிலருக்கு அந்தத் தட்டு சற்று முன்னால் நழுவியிருக்கும். வாயைத் திறக்கும்போது எலும்பு முனை மறுபடியும் அதற்கு அடியில் ஏறிக்கொள்ளும். அந்தக் கணத்தில் எழுவதுதான் சத்தம். இது மிகவும் பரவலானது. வலியோ திறப்பதில் தடையோ இல்லாத சத்தத்துக்குச் சிகிச்சையே வேண்டாம். உங்கள் வலி போன பிறகும் சத்தம் மட்டும் மிஞ்சலாம். அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். நான் மன்றாடிக் கேட்பது ஒன்றுதான். சத்தம் இன்னும் வருகிறதா என்று பார்ப்பதற்காகத் தாடையைத் திரும்பத் திரும்ப அசைத்து 'டக் டக்' என்று சோதிக்காதீர்கள். பலர் இதை நாளெல்லாம் செய்து மூட்டைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள்.

ஒருவேளை என்றைக்காவது சத்தம் திடீரென்று நின்று, கூடவே வாயும் பாதிதான் திறக்கிறது என்றால், தட்டு முன்னாலேயே சிக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். தாடை பூட்டிக்கொண்டது என்பார்கள். அப்போது ஓரிரு நாட்களுக்குள் மருத்துவரிடம் போக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. உங்கள் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்துச் செங்குத்தாக முன்பற்களுக்கு இடையில் நுழைக்க முடிந்தால் திறப்பு போதுமானது. ஏறக்குறைய 40 மில்லிமீட்டர்.

இனி உங்கள் கடிதத்திலேயே இருக்கும் காரணத்துக்கு வருகிறேன். 'பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். நம் மொழியில் இது பொறுத்துக்கொள்வதைக் குறிக்கும் வழக்கு. உங்கள் விஷயத்தில் அது அப்படியே உடலில் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். சாப்பிடாத, பேசாத நேரத்தில் மேல் பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடவே கூடாது. உதடு மூடியிருக்கலாம், பற்களுக்கு நடுவே சிறு இடைவெளி இருக்க வேண்டும். இதைச் சொன்னால் பெரும்பாலானவர்கள் வியந்துபோகிறார்கள், பற்கள் சேர்ந்திருப்பதுதான் இயல்பு என்று இத்தனை நாள் நினைத்திருப்பார்கள். கணினித் திரையில் எண்களைச் சரிபார்க்கும்போது, வண்டி ஓட்டும்போது, கோபத்தை விழுங்கும்போது நம்மை அறியாமல் பற்கள் சேர்கின்றன. கன்னத்தின் மெல்லும் தசையும் நெற்றிப்பொட்டில் விசிறி போல விரிந்திருக்கும் தசையும் மணிக்கணக்கில் இறுகி நிற்கின்றன. இரவில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கமும் சேர்ந்தால் காலையில் தாடை இறுகிப்போயிருப்பதில் வியப்பில்லை. உங்கள் நெற்றிப்பொட்டு வலி இந்தத் தசையின் வலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆகவே முதல் சிகிச்சை, இந்தப் பழக்கத்தைக் கையும் களவுமாகப் பிடிப்பது. 'அவன்' என்று சொல்லிப் பாருங்கள். கடைசி எழுத்தில் நாக்கு நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால் ஓரிடத்தில் ஒட்டி நிற்கும். அதுதான் நாக்கின் ஓய்விடம். நாக்கை அங்கே வைத்து, உதட்டை மூடி, தாடையைத் தளரவிடுங்கள்; பற்கள் தாமாகப் பிரியும். கணினித் திரையின் ஓரத்தில் ஒரு சிறு வண்ணப் பொட்டை ஒட்டிவையுங்கள். கண்ணில் படும்போதெல்லாம், தொலைபேசி ஒலிக்கும்போதெல்லாம், 'பற்கள் சேர்ந்திருக்கின்றனவா?' என்று கேட்டுக்கொண்டு தளர்த்துங்கள். முதல் வாரம் நாளுக்கு ஐம்பது முறை அகப்படுவீர்கள். அதில் சோர்ந்துவிட வேண்டாம். அகப்படுவதுதான் முன்னேற்றம்.

ஆறு வாரம் தாடைக்கு ஓய்வான சாப்பாடு கொடுங்கள். கஞ்சி மட்டும் குடித்துக் கிடக்க வேண்டாம், அசைவே இல்லாத மூட்டும் இறுகிவிடும். இட்லி, இடியாப்பம், பொங்கல், குழைந்த பருப்புச் சாதம், வேகவைத்த காய், மீன், முட்டை என்று வழக்கமான உணவையே மென்மையாக, சிறு சிறு கவளமாக, இருபுறமும் மென்று சாப்பிடுங்கள். முறுக்கு, தட்டை, வறுத்த கடலை, காய்ந்த பரோட்டா, எலும்புக் கறி, சூயிங்கம், ஐஸ் கட்டி வேண்டாம். கரும்பை நினைக்கவே கூடாது. தை மாதத்தில் தாடை வலியோடு வருபவர்கள் பலர் கரும்பு கடித்ததைத்தான் சொல்கிறார்கள். கொய்யாவையும் ஆப்பிளையும் முழுதாகக் கடிக்காமல் நறுக்கிச் சாப்பிடுங்கள். கொட்டாவி வரும்போது நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிவைத்து, முகவாயைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள். தோளுக்கும் காதுக்கும் நடுவே தொலைபேசியை இடுக்கிக்கொண்டு பேசுவது, கையில் முகவாயை ஊன்றி உட்காருவது, குப்புறப் படுப்பது ஆகியவற்றை விடுங்கள்.

வலிக்கும் கன்னத்திலும் பொட்டிலும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் 15 முதல் 20 நிமிடம் ஒத்தடம், காலையும் இரவும். சூட்டைக் கையில் சோதித்த பிறகே வையுங்கள். ஒத்தடம் முடிந்ததும் விரல் நுனிகளால் மெல்லும் தசையை வட்டமாகத் தேய்த்துவிடுங்கள். பிறகு நாக்கு நுனியை அதே ஓய்விடத்தில் வைத்தபடி, அது பிரியாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூடுங்கள்: ஒரு வேளைக்கு ஆறு முறை, நாளுக்கு ஐந்தாறு வேளை. வலி கூடினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். தாடை மூட்டில் பழக்கமுள்ள பிசியோதெரபி நிபுணர் கிடைத்தால் தயங்காமல் போங்கள், இதில் அவர் கை மிகப் பெரிய உதவி. வலி மாத்திரை சில நாட்களுக்கு உதவும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், கர்ப்பம் இருந்தால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கக் கூடாது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் பல் கடிப்பதைத் தூண்டலாம். நீங்கள் அப்படி ஏதும் எடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாகவே நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரவில் அணியும் பல் உறை பற்றியும் நீங்கள் கேட்கப்போவது உறுதி. அது பற்களைத் தேய்மானத்திலிருந்து காக்கிறது. சிலருக்குக் காலை இறுக்கமும் குறைகிறது. வலியை அது தீர்த்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 2023 டிசம்பரில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' வெளியிட்ட வழிகாட்டுதல், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் தாடை வலிக்கு உறுதியாகப் பரிந்துரைத்தவை தாடைப் பயிற்சிகள், கைமுறை சிகிச்சை (நிபுணர் கையால் தசையை அழுத்தி, மூட்டை அசைத்துத் தருவது), மன அழுத்தத்தைக் கையாளக் கற்றுத்தரும் உளவியல் சிகிச்சை போன்றவைதான். கழற்றக்கூடிய உறையை அது முன்னிறுத்தவில்லை. கடிப்பை நிரந்தரமாக மாற்றும் உறைகளையும் மூட்டுத் தட்டை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சையையும் கூடாது என்றே சொன்னது. உறை செய்வதென்றால், ஒரு தாடையின் எல்லாப் பற்களையும் மூடும்படி அளவெடுத்துச் செய்ததாக, இரவில் மட்டும் அணிவதாக இருக்கட்டும். கடிப்பு மாறுவது போலத் தோன்றினால் உடனே கழற்றிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

அவசரப்பட்டதன் விலை என்னவென்று இந்தத் துறைக்கு நன்றாகத் தெரியும். 1980-களில் அமெரிக்காவில் ஏராளமானவர்களுக்கு நழுவிய தட்டை எடுத்துவிட்டு டெஃப்ளான் கலந்த செயற்கைத் தட்டைப் பொருத்தினார்கள். அது மெல்லும் அழுத்தத்தில் துகள் துகளாக உதிர்ந்தது. உடல் அதை எதிர்த்ததில் பலருக்கு எலும்பே அரிக்கப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் அரசே தலையிட்டுத் திரும்பப் பெறச் செய்தது. வலிக்கு மருத்துவம் தேடி வந்தவர்களில் பலர் நெடுங்காலம் வலியோடு வாழ நேர்ந்தது. நான் உங்களிடம் பொறுமையாக இருங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

ஆனால் தாடை வலி எல்லாமே பொறுத்திருந்து பார்க்க வேண்டியது அல்ல. படியேறும்போது வந்து, ஏறுவதை நிறுத்தினால் தணியும் தாடை வலி, கூடவே நெஞ்சு பாரம், வியர்வை, இடது கை வலி இருந்தால் அது இதயமாக இருக்கலாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். 50 வயதைத் தாண்டியவருக்கு மெல்லும்போது தாடை சோர்ந்து வலிப்பதும், புதிதாகத் தலைவலியும், தலை சீவும்போது வலியும், பார்வை மங்கலும் சேர்ந்தால் அது இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். நாள் தவறினால் பார்வையே போகலாம். காய்ச்சலோடு வீங்கிய தாடை, வாய் பிளந்தபடியே மூட முடியாமல் நின்றுவிடுவது, அடிபட்ட பிறகு கடிப்பு மாறுவது ஆகியவற்றுக்கும் அன்றே போக வேண்டும். பாக்கு, குட்கா போடுபவருக்கு வாய் எரிச்சலோடு திறப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் அது மூட்டுக் கோளாறு அல்ல. வாயின் உட்சதை நாராக இறுகும் நோய் அது, புற்றுநோயாக மாறக்கூடியது. வீட்டில் யாருக்காவது இருந்தால் இந்த வாரமே அழைத்துப் போங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது ஆறு வாரம். அதற்குள் வலி பாதியாவது குறையவில்லை என்றால் 'வாய் மருத்துவம்' படித்த பல் மருத்துவரையோ, வாய் முகத்தாடை அறுவை மருத்துவரையோ பாருங்கள். பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கென்றே துறை இருக்கிறது. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இருக்கிறது. முதல் முறையே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை, தாடை முழுவதும் தெரியும் ஒரு எக்ஸ்ரே பெரும்பாலும் போதும். போகும்போது ஒரு சிறு குறிப்பேட்டைக் கொண்டு போங்கள். எந்த நேரத்தில் வலித்தது, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், அன்று எத்தனை முறை பற்கள் சேர்ந்திருக்கக் கண்டீர்கள் என்பதை மட்டும் இன்று இரவு முதலே அதில் எழுதத் தொடங்குங்கள்.