ஆகனுக்கு ஐந்து நாள் போய்வர ஏஜென்ட் எதற்கு?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வாடகை வீட்டில் இருக்கிறேன். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் ஏழு வருடமாக வேலை. கூடப் படித்த நண்பன் ஜெர்மனியில் ஆகன் நகரத்தில் எம்.எஸ். படிக்கிறான். பொங்கல் லீவை ஒட்டி வரும் சனி ஞாயிறை அவனோடு கழித்துவிட்டு வர ஆசை, மொத்தம் ஐந்து நாள். இங்கே ஒரு ஏஜென்ட் 65,000 ரூபாய் கேட்கிறார். ஜெர்மனி விசாவுக்கு மனுக் கொடுக்க ஸ்லாட் (நேரம்) கிடைக்காது, ஆகன் நெதர்லாந்து எல்லையை ஒட்டித்தானே இருக்கிறது, நெதர்லாந்துக்குப் போட்டால் சீக்கிரம் வந்துவிடும் என்கிறார். இன்விடேஷன் லெட்டர், பேங்கில் காட்டும் பணம் எல்லாம் அவரே ஏற்பாடு செய்வாராம். பாஸ்போர்ட்டில் பொள்ளாச்சி விலாசம் இருக்கிறது. இது சரிப்பட்டு வருமா?

பதில்:

தம்பி, அந்த ஏஜென்டுக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் முதலில் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்குங்கள். பணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

அவர் சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை. ஆகன் நெதர்லாந்து எல்லையை ஒட்டித்தான் இருக்கிறது. நமக்கு வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாடு வருகிற மாதிரி, ஆகனிலிருந்து சற்று வெளியே போனால் ஒரு மேடு, அதன் உச்சியில் ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூன்றும் சந்திக்கின்றன. ஆனால் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக எந்த நாட்டுக்கு வேண்டுமானாலும் மனுப் போட முடியாது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ, எதற்காகப் போகிறீர்களோ, அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசா (ஐரோப்பாவில் 29 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) கேட்க வேண்டும். இரண்டு நாட்டில் சரிசமமாகத் தங்கினால் முதலில் எங்கே நுழைகிறீர்களோ அந்த நாடு. நீங்கள் ஆகனில் நண்பன் ரூமில் படுத்துக்கொள்ளப் போகிறீர்கள். அப்படியென்றால் ஜெர்மனி. இதில் பேச ஒன்றுமில்லை.

ஏஜென்ட் என்ன செய்வார் தெரியுமா? ஆம்ஸ்டர்டாமில் நாலு ராத்திரிக்கு ஓட்டல் புக் பண்ணி மனுவோடு வைப்பார். விசா வந்த மறுநாள் அதை ரத்து செய்வார். உங்களிடம் சொல்லமாட்டார். நீங்கள் பாட்டுக்குப் போய் இமிகிரேஷனில் நிற்பீர்கள். எங்கே தங்குகிறாய் என்று கேட்பார்கள். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் நீங்கள், ஆகனில் என்று உளறுவீர்கள். அங்கிருந்தே திருப்பி அனுப்ப அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. விசா மனுவின் விவரம், கைரேகை எல்லாம் அவர்கள் கம்ப்யூட்டரில் 5 வருடம் கிடக்கும். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் உள்ளே வருவதும் வெளியே போவதும் முகப்படம், கைரேகையோடு பதிவாகத் தொடங்கிவிட்டது. ஏஜென்ட் கடையை மூடிவிட்டு வேறு போர்டு மாட்டிக்கொள்வார். உங்கள் விரல் உங்களோடுதானே இருக்கும்?

ஸ்லாட் விஷயம். கேட்ட நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் நேரம் கொடுப்பதே வழக்கமாக இருக்க வேண்டும் என்று ஷெங்கன் விசா சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். படித்துச் சிரித்துக்கொள்ளலாம். சீசனில் காலெண்டரைத் திறந்தால் பொங்கல் சமயத்து ரிசர்வேஷன் மாதிரி எல்லாம் நிறைந்து கிடக்கும். கும்பலாகப் பிடித்துவைத்து விற்கிற ஆட்களை ஒழிக்க யாருக்கும் அவசரம் இல்லை. மனுப் போடுகிறவன்தான் போனைக் கையில் வைத்துக்கொண்டு ராத்தூக்கம் கெடுகிறான். இதற்கு மருந்து ஒன்றுதான்: முன்னாடியே தொடங்குங்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே மனுப் போடலாம். கடைசிக் கெடு 15 நாள், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள், தேவைப்பட்டால் 45 நாள் வரை நீட்டிக்கலாம். பொங்கலுக்குப் போக வேண்டும் என்றால் ஓணம் முடிந்த கையோடு உட்கார்ந்துவிடுங்கள். ரத்தாகிற ஸ்லாட்கள் திரும்பி வரும். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை பாருங்கள்.

இன்விடேஷன் லெட்டர் என்று ஏஜென்ட் விற்பது என்ன? உங்கள் நண்பன் எழுத வேண்டிய ஒரு பக்கக் கடுதாசி, அவ்வளவுதான். ‘இவர் என் நண்பர், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை என் அறையில் தங்குவார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பாஸ்போர்ட் நகல், ரெசிடென்ஸ் பெர்மிட் நகல், படிக்கிறான் என்பதற்கு யுனிவர்சிட்டி சர்டிபிகேட், நகரத்தில் விலாசம் பதிந்த சீட்டு இவற்றை மெயிலில் அனுப்பினால் முடிந்தது. பைசா செலவில்லை.

இதை இன்னொரு பத்திரத்தோடு குழப்பிக் காசு பிடுங்குகிறார்கள். ஜெர்மன்காரர்களிடம் ‘ஃபெர்ப்ஃப்ளிஷ்டுங்ஸ்எர்க்ளேருங்’ என்று ஒன்று உண்டு. சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். வருகிறவரின் செலவு முழுக்க என் பொறுப்பு என்று அங்கே இருப்பவர் அரசாங்க ஆபீசில் எழுதிக்கொடுப்பது. அதற்கு அவருக்கு நல்ல வருமானம் இருக்க வேண்டும். உங்கள் நண்பன் மாணவன். ஜெர்மனி போகிற நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் முடக்கிவைத்த கணக்கில் (பிளாக்டு அக்கவுன்ட்) வருடத்துக்கு 11,904 யூரோ கட்டி, அதிலிருந்து மாதம் 992 யூரோ எடுத்துத்தான் ஓட்டுகிறார்கள். அவனே அளந்து சாப்பிடுகிறான், உங்களுக்கு எப்படி ஜாமீன் நிற்பான்? உங்கள் செலவு உங்கள் சம்பளத்தில் என்று சொன்னால் அந்தப் பத்திரமே வேண்டாம். ஒன்று மட்டும் அவனைக் கேட்கச் சொல்லுங்கள்: மாணவர் விடுதி என்றால் விருந்தாளி எத்தனை ராத்திரி தங்கலாம் என்று. அனுமதி இல்லையென்றால் பக்கத்தில் சின்ன ரூம் போட்டு அதையே காட்டுங்கள்.

இப்போது பணம். எனக்கு ரத்தம் கொதிக்கிற இடம் இது. என்னிடம் ஒரு தடவை ஒரு பையன் விசா மறுப்புக் கடிதத்தோடு வந்தான். பேங்க் ஸ்டேட்மென்டை விரித்தேன். 8,200, 11,000, 6,450 என்று மாதக் கடைசியில் தேய்ந்துபோன கணக்கு. அதன் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை 4,00,000 வந்து உட்கார்ந்திருக்கிறது. பத்தொன்பது நாள் கழித்து அதே 4,00,000 வெளியே போயிருக்கிறது. சீல் வைத்த பேப்பர், பேங்க் மேனேஜர் கையெழுத்து எல்லாம் பக்கா. ஆபீசர் அந்த ஒரு வரிக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார். வேறு எதுவும் எழுதவில்லை. அந்தப் பணத்தைப் போட்டுக்கொடுத்த ஏஜென்ட் அதற்கு வட்டி வேறு வாங்கியிருந்தார்.

ஐந்து நாளைக்கு லட்சக்கணக்கில் காட்டத் தேவையில்லை. சம்பளம் மாதாமாதம் வந்து, செலவு போக மிச்சம் நிற்கிறது என்று தெரிந்தால் போதும். மூன்று மாத ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு, வருமான வரி கட்டிய காகிதம் வையுங்கள். நம் பக்கத்தில் நிறையப் பேர் காசை சர்வீஸ் சொசைட்டியிலும் பால் சொசைட்டியிலும்தான் போட்டுவைக்கிறோம். தப்பில்லை. ஆனால் கையால் எழுதின அந்தப் பாஸ்புக்கை வெளிநாட்டு ஆபீசர் எப்படிப் படிப்பார்? சம்பளம் வருகிற பேங்க் கணக்கையே முன்னால் வையுங்கள். அப்பா பேரில் தென்னந்தோப்பு இருந்தால் வில்லேஜ் ஆபீசில் கரம் (நிலவரி) கட்டின ரசீதைச் சேர்க்கலாம். அது மலையாளத்தில் இருக்கும், இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும் வேண்டும்.

உங்கள் கையில் இருக்கிற பெரிய சீட்டு கம்பெனி லெட்டர்தான். ‘ஐந்து நாள் போய்விட்டு இவன் திரும்பி வருவானா’ என்பதுதான் ஆபீசர் மண்டையில் ஓடுகிற ஒரே கேள்வி. ஏழு வருட சர்வீஸ், இத்தனாம் தேதி முதல் இத்தனாம் தேதிவரை லீவு சாங்ஷன், இத்தனாம் தேதி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று லெட்டர்ஹெட்டில் இருந்தால் அதற்கு ஈடான பதில் வேறு கிடையாது. அந்தத் தேதியும் நண்பன் எழுதின தேதியும் டிக்கெட் தேதியும் இன்சூரன்ஸ் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். டிக்கெட்டுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள், விசா வரும்வரை ரிசர்வேஷன் போதும். அது நிஜமான ரிசர்வேஷனாக இருக்கட்டும். ஏஜென்ட் அடித்துத் தருகிற பொய்க் காகிதம் வேண்டாம். இன்சூரன்ஸ் 30,000 யூரோவுக்குக் குறையாமல், ஷெங்கன் நாடுகள் 29-க்கும் செல்லுபடியாகிற மாதிரி நீங்களே வாங்கிக்கொள்ளலாம்.

பெயர் விஷயத்தில் நம் எல்லை ஊர்க்காரர்களுக்கு என்றே ஒரு தொல்லை. தமிழ்நாட்டில் படித்திருந்தால் சர்டிபிகேட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும், கேரளத்தில் படித்திருந்தால் பின்னால். பாஸ்போர்ட்டில் அப்பா பேர் முழுசாக விரிந்திருக்கும். நண்பன் பாசத்தில் ‘கே. செந்தில்’ என்று எழுதி அனுப்புவான். மூன்று பேர் மனுப் போட்ட மாதிரி ஆகிவிடும். பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே, ஒரு எழுத்துக்கூட மாறாமல் எல்லாக் காகிதத்திலும் வரட்டும்.

விலாசத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இங்கே எல்லோரும் ஆளுக்கொன்று சொல்லிக் குழப்புகிறார்கள். ஜெர்மனியைப் பொறுத்தவரை கேரளம் பெங்களூரு துணைத் தூதரகத்தின் எல்லையில் வருகிறது, தமிழ்நாடு சென்னையில். விதிப்படி நீங்கள் எங்கே வசிக்கிறீர்களோ அதுதான் கணக்கு, இப்போதைய நடைமுறையை மையத்தின் இணையதளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். எங்கே பிறந்தீர்கள், பாஸ்போர்ட் எங்கே எடுத்தீர்கள், எங்கே சம்பளம் வாங்குகிறீர்கள் என்பது அல்ல. உங்கள் கதையில் மூன்றும் மூன்று பக்கம் நிற்கிறது. பாஸ்போர்ட் பொள்ளாச்சி, வேலை கோயம்புத்தூர், படுக்கை கொழிஞ்சாம்பாறை. படுக்கை இருக்கிற இடம்தான் வசிப்பிடம், ஆகவே கேரளத்துக்காரராக மனுப் போடுங்கள். மனு வாங்கும் மையம் கொச்சியில் இருக்கிறது. ஆனால் பாஸ்போர்ட் பொள்ளாச்சி என்று சொல்கிறதே என்று கவுண்டரில் கேட்பார்கள். அதற்கு வாடகை ஒப்பந்தம், கொழிஞ்சாம்பாறை விலாசத்தில் ஆதார், கரண்ட் பில் காட்டுங்கள். கம்பெனி லெட்டரிலும் அந்த விலாசமே இருக்கட்டும். ஒருவேளை இவை எதுவுமே உங்கள் பேரில் இல்லை, ஆதாரிலும் பொள்ளாச்சிதான், வாரக்கடைசியில் அங்கேதான் போகிறீர்கள் என்றால், அப்போது உங்கள் வசிப்பிடம் பொள்ளாச்சி என்பதே காகிதத்துக்குப் பொருந்துகிறது, தமிழ்நாட்டுப் பக்கமே போடுங்கள். இரண்டில் எதை எடுத்தாலும் பரவாயில்லை, மனுவில் ஒன்று, லெட்டரில் இன்னொன்று என்று வைக்காதீர்கள். ஏஜென்ட் இதையும் ‘செட் பண்ணித்’ தருவதாகச் சொல்லுவார். வேறு யாரோ வீட்டு வாடகைப் பத்திரத்தில் உங்கள் பேரை ஒட்டித் தருவார். கவுண்டரில் மாட்டிக்கொள்வது நீங்கள்.

விசா வந்ததும் ஸ்டிக்கரைக் கண்ணாடி போட்டுப் படியுங்கள். முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவே இருபது நாள் இருக்கும். அதைப் பார்த்து இருபது நாள் தங்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். கீழே தங்கும் நாள் எத்தனை என்று தனியாக ஒரு எண் இருக்கும், அதுதான் சட்டம். இறங்குகிற நாளும் ஒரு நாள், ஏறுகிற நாளும் ஒரு நாள். ஆகவே மனுவில் ஐந்து ராத்திரியை ஐந்து நாள் என்று எழுதினால் மாட்டிக்கொண்டீர்கள், அது ஆறு.

அந்த விசாவில் மாஸ்ட்ரிக்ட், பிரஸ்ஸல்ஸ் ஒரு நாள் போய்வரலாம், பாஸ்போர்ட் பையில் இருக்கட்டும். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. லண்டனை எட்டிப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அது தனி விசா. ஒருமுறை நுழைவு விசாவோடு வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது.

ஏஜென்ட் கேட்கிற 65,000-ஐ ஒரு நிமிஷம் பிரித்துப் பாருங்கள். விசா கட்டணம் 2024 ஜூன் 11 முதல் 90 யூரோ, ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய். மையத்தின் சேவைக் கட்டணம் கொஞ்சம். இன்சூரன்ஸ் கொஞ்சம். மிச்சமெல்லாம் அந்த நாலு பொய்க் காகிதத்துக்கு. மறுத்துவிட்டால் முன்பெல்லாம் ஜெர்மன் தூதரகத்துக்கே கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்கலாம். 2025 ஜூலை 1 முதல் அதையும் எடுத்துவிட்டார்கள். இனி புதிதாக மனுப் போட வேண்டும், இல்லை பெர்லின் கோர்ட்டுக்குப் போக வேண்டும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பெர்லின் கோர்ட்டுக்கு! நன்றாக இருக்கிறது நியாயம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் உங்கள் அம்மா கேட்பார். நண்பனுக்கு என்ன கொடுத்துவிடலாம்? பால்கோவா, நெய், உப்புக்கண்டம் வேண்டாம். பால் பண்டமும் இறைச்சியும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது, பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். நேந்திரங்காய் சிப்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய்க்குத் தடையில்லை. விலக்குப் பெற்ற ஐந்து பழங்களில் அதுவும் ஒன்று. வீட்டுத் தோப்புக்காயில் இரண்டை உரித்துக் கொண்டுபோனால் அவன் ஒரு வாரம் சட்னி அரைத்துக்கொள்வான்.