பிளாக்லிஸ்ட் செய்த மாட்யூல் மறுபடி ஏறுவது ஏன்?

கேள்வி: உபுண்டு லேப்டாப்பில் என்விடியா டிரைவர் போட்டுவிட்டு, மோட்ப்ரோப்.டி ஃபோல்டரில் கோப்பு எழுதி நூவோவை (என்விடியா கார்டுகளுக்கு லினக்ஸோடு வரும் திறந்த மூல டிரைவர் மாட்யூல், அதாவது கெர்னலில் ஏற்றப்படும் துண்டு) ஏறவேண்டாம் என்று பிளாக்லிஸ்ட் செய்தேன். ரீபூட் செய்தாலும், ஏறியிருக்கும் மாட்யூல்களைக் காட்டும் எல்எஸ்மாட் பட்டியலில் நூவோ வருகிறது. எங்கே தவறு?

பதில்: முதலில் கோப்பின் பெயரைப் பாருங்கள். அது '.கான்ஃப்' என்று முடியாவிட்டால், மாட்யூல்களை ஏற்றும் கருவியான மோட்ப்ரோப் அதைச் சீந்தாது. 'மோட்ப்ரோப் --ஷோகான்ஃபிக்' கட்டளையின் வெளியீட்டில் உங்கள் பிளாக்லிஸ்ட் வரி இருந்தால் கோப்பில் குறையில்லை.

அப்படியானால் பெரும்பாலும் இனிட்ராம்எஃப்எஸ்தான் காரணம். ஹார்ட் டிஸ்க் மவுண்ட் ஆகும் முன்பே கெர்னல் பயன்படுத்தும் இந்தத் தொகுப்பில், மாட்யூல்களுக்கும் மோட்ப்ரோப்.டி கோப்புகளுக்கும் தனி நகல் உண்டு. நீங்கள் திருத்தியது டிஸ்க்கில்; நூவோ ஏறுவது பழைய நகலை வைத்து. டிமெசேஜில் (கெர்னலின் செய்திப் பதிவு) நூவோவின் முதல் வரி, ரூட் பார்டிஷன் மவுண்ட் ஆன வரிக்கு முன்னால் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

'சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே ஆல்' கொடுத்துவிட்டு ரீபூட் செய்யுங்கள். 'கே ஆல்' விட்டுப்போனால் ஆகப் புதிய கெர்னலின் நகல் மட்டும் மாறும். கிரப்பில் (தொடக்கத்தில் வரும் பூட் மெனு) பழைய கெர்னலைத் தேர்ந்தெடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஃபெடோராவில் இதே வேலைக்கு 'சூடோ டிராகட் -எஃப் --ரீஜெனரேட்-ஆல்'.

அப்போதும் ஏறுகிறதா? பிளாக்லிஸ்ட் என்பது பலர் நினைப்பதுபோல் முழுத் தடையல்ல. வன்பொருளைக் கண்டு தானாக ஏற்றுவதை மட்டுமே அது நிறுத்தும். வேறொரு மாட்யூல் சார்ந்திருந்தாலோ, ஒரு புரோகிராம் பெயர் சொல்லி அழைத்தாலோ ஏறிவிடும். அதையும் அடைக்க, அதே கோப்பில் 'இன்ஸ்டால் நூவோ /பின்/ஃபால்ஸ்' என்ற வரியைச் சேர்த்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி புதுப்பியுங்கள்.

ஆனால் இவற்றில் எதைச் செய்வதற்கு முன்பும் 'சூடோ மோட்ப்ரோப் என்விடியா' கொடுத்துப் பாருங்கள். 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று வந்தால், செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் உள்ளவற்றை மட்டும் ஏற்ற விடும் பாதுகாப்பு அமைப்பு) அந்த மாட்யூலின் கையொப்பத்தை ஏற்கவில்லை. அந்த நிலையில் நூவோவையும் அடைத்தால், என்விடியாவை நம்பியிருக்கும் திரை குறைந்த ரெசல்யூஷனில் வந்து நிற்கும். முதலில் மோக்யூடில் என்ற கருவி வழியாக, அந்தக் கையொப்பத்துக்கான சாவியைப் பதிவு செய்யுங்கள். 'நோ சச் டிவைஸ்' என்று வந்தால் பெரும்பாலும் பயமில்லை, கார்டை இப்போது நூவோ பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.